விசுவாசமா? அசட்டையா?





இந்த மாதம் ஒரு கார் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். "திருக்கோவிலூர்ல வெயில்ல காயுற பாஸ்டருக்கு ஐஸ் ரோட்டுல கார் ஓட்டுறதைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரிக்காதீர்கள். இது பிரசங்கம் என்பதைவிட என்னுடைய பாவ அறிக்கை. சபைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். தூரத்தில் இருக்கிற உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று ஆவியானவர் ஏவினபடியால் எழுதுகிறேன்.

ஊழியத்துக்கு வருமுன் நான் லாரி டிரைவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு, விழுப்புரத்துக்கு நெல் லோடு என்று பதினாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இது. எனக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழி விடியற்காலையில் தென்பெண்ணை ஆற்றை மூடுகிற பனிதான். அதற்கு ஒரு மஞ்சள் லைட்டும் தலைக்கு ஒரு மப்ளரும் போதும். கல்வராயன் மலைக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போனால் கூடவே ஒரு கம்பளி. அவ்வளவுதான். நம்முடைய பழைய வேதாகமத்தில் ஸ்நோவுக்கு 'உறைந்த மழை' என்று போட்டிருக்கிறது. எத்தனையோ தடவை அதை வாசித்து, அதை வைத்துப் பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன். ஆனால் அதன் மேல் நின்றதில்லை.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் அந்த வாய்ப்பு வந்தது. கனடாவில் டொராண்டோ பட்டணத்து ஸ்கார்பரோவில் இருக்கிற என் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. நானும் மனைவியும் போனோம். ஸ்கார்பரோவில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர். இலங்கைத் தமிழர் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து கருவாடு வரைக்கும் கிடைக்கிறது. ஸ்தோத்திரம்!

கவரில் இருந்த பணம்

நவம்பர் மாதம் ஒருநாள் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, குளிர் வரப்போகுது. கார் டயர் நாலையும் மாத்தணும். ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். எடுத்து வச்சிருக்கேன்."

நம்ம ஊர்க் கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல்! நான் போய் டயரைப் பார்த்தேன். லாரிக்காரன் கண் அல்லவா? நூல் நன்றாக இருந்தது. "மாப்பிள்ளை, இது புது டயர் மாதிரி இருக்குதே! இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்றேன். "மாமா, குளிர்ல இந்த ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும்" என்றார். "சட்டத்துல கட்டாயமா?" என்று கேட்டேன். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயமாம். டொராண்டோ இருக்கிற ஒண்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை, போட்டால் இன்சூரன்ஸில் கொஞ்சம் குறைப்பார்கள் என்றார்.

அப்பொழுது நான் சொன்ன வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. "மாப்பிள்ளை, ரப்பரை நம்பாதீங்க. கர்த்தரை நம்புங்க. நம்ம சபைக் கூரை ஒழுகுது. அந்தப் பணத்தைக் கூரைக்குக் காணிக்கையாக் கொடுத்துப் பாருங்க, உங்க காரை அவரே பாத்துக்குவார்."

தேவ பிள்ளைகளே, என் மனதில் அப்போது இருந்தது மாப்பிள்ளையின் கார் அல்ல, சபைக் கூரைதான். ஆனால் வாயில் இருந்தது விசுவாசம். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு கவரை என் கையில் கொடுத்தார். நான் அதை என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, "அல்லேலூயா" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு

2024 ஜனவரி. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஜெபக் கூட்டம் முடிந்து வீடு திரும்பினோம். மாப்பிள்ளை ஓட்டினார். பக்கத்தில் என் மனைவி. பின்சீட்டில் நான், என் மகள், நடுவில் குழந்தை சீட்டில் பேரப்பிள்ளை. வெளியே மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே. ரோடு சும்மா ஈரமாய், கறுப்பாய்த் தெரிந்தது. அதுதான் கறுப்பு ஐஸ் என்று எனக்குத் தெரியாது. அந்த ஐஸ் கறுப்பு அல்ல, கண்ணாடி மாதிரித் தெளிவாயிருக்கும். கீழே இருக்கிற தார் அதன் வழியாய்த் தெரிவதால் வெறும் ரோடு என்று நினைத்துவிடுவோம்.

ஒரு சின்ன இறக்கம். கீழே சிக்னல். சிவப்பு விழுந்தது. மாப்பிள்ளை நல்ல தூரத்திலேயே பிரேக்கை மிதித்தார். பெடல் கடகடவென்று அதிர்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் வண்டி நிற்கவில்லை! வேகமாய்க்கூட இல்லை, மெதுவாய், யாரோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இடது பக்கம் ரோட்டுக்கு உப்புப் போடுகிற பெரிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. என் மகள் தன் உடம்பால் குழந்தையை மூடினாள். நான் "இயேசுவே" என்றேன், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. லாரி எங்களைக் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் தாண்டிப் போயிற்று. எங்கள் வண்டி எதிர்ப்பக்க நடைபாதை விளிம்பில் முட்டி நின்றது.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கர்த்தருக்கே மகிமை! நான் சத்தமாய் ஸ்தோத்திரம் பண்ண ஆரம்பித்தேன். அப்போது என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவான குரலில் சொன்னாள்: "அப்பா, நீங்க சொன்னீங்கன்னுதான் நாங்க டயர் மாத்தல."

என் ஸ்தோத்திரம் வாயிலேயே நின்றுவிட்டது.

தேவாலயத்து உப்பரிகை

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. முழங்காலில் நின்றேன். ஆவியானவர் என்னை மத்தேயு 4-ஆம் அதிகாரத்துக்கு நடத்தினார். பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையின் மேல் நிறுத்தினான். கீழே குதி, தேவதூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்றான். அவன் காட்டினது பொய் வசனம் அல்ல, சங்கீதத்தில் இருக்கிற மெய்யான வாக்குத்தத்தம்! ஆனாலும் இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று அவனுக்கு வசனத்தாலேயே பதில் சொன்னார். ஏன்? அங்கே இறங்குவதற்குப் படி இருந்தது. படி இருக்கும்போது குதிப்பது விசுவாசம் அல்ல.

நான் என்ன செய்தேன்? டயர் வாங்கப் பணம் இருந்தது, கடை இருந்தது, நேரம் இருந்தது. கர்த்தர் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்த படிக்கட்டு அது. அதைப் பிடுங்கி என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, என் மகளையும் பேரப்பிள்ளையையும் குதிக்கச் சொன்னேன். பிசாசு உப்பரிகையில் செய்த வேலையைத் தகப்பனாகிய நான் செய்தேன். அதற்கு விசுவாசம் என்று பேரும் வைத்தேன்.

விடிந்ததும் குடும்ப ஜெபத்தில் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கவரை அவர் கையில் வைத்தேன். "பரவாயில்ல மாமா" என்றார். "இல்ல மாப்பிள்ளை, பரவாயில்லன்னு சொல்லாதீங்க. நான் பண்ணது தப்பு" என்றேன். அன்றைக்கே கராஜுக்குப் போனோம்.

கராஜில் கேட்ட பிரசங்கம்

கராஜ்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர். நான் பழைய லாரிக்காரன் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாய்க் காட்டிக் கொடுத்தார். "ஐயா, ஸ்நோ விழுந்த பிறகு வின்ரர் ரயர் போட வாறவை கனபேர். அப்ப லைன்ல நிக்க வேணும். விழ முந்திப் போட வேணும்" என்றார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். கனடாவிலும், ஐரோப்பாவிலும், லடாக், இமாசலம் பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைக் கத்தரித்து அனுப்புங்கள். இங்கே இருக்கிறவர்கள் ஆத்துமாவுக்காய் வாசியுங்கள்.

1. டயர் நாலும் மாற வேண்டும். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்குகிறது. நூல் எவ்வளவு இருந்தாலும் பிடிப்புக் குறைந்துபோகும். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மெதுவாய் இருந்து ரோட்டைப் பிடிக்கும். அதன் பக்கத்தில் மூன்று சிகர மலையும் நடுவில் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். "காசு மிச்சம் பிடிக்க முன் ரெண்டை மட்டும் மாத்தலாமா?" என்று கேட்டேன். "முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுத்திப்போட்டு முன்னுக்கு வரும்" என்றார். பிரியமானவர்களே, ஞாயிற்றுக்கிழமைச் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்ற ஆறு நாளையும் பழையபடி ஓட்டுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். இருதயம் கல்லாய் இறுகிப்போனால் வெளியே நூல் எவ்வளவு அழகாயிருந்தும் பிரயோஜனம் இல்லை.

2. இழுக்கிற பலம் வேறு, நிறுத்துகிற பலம் வேறு. நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி வைத்திருக்கிறவர்கள் தங்களுக்குப் பயமில்லை என்று நினைக்கிறார்களாம். அது பனியிலிருந்து புறப்படத்தான் உதவும். நிற்பதற்கு எல்லாருக்கும் டயர்தான். நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இது நல்ல வார்த்தை! நமக்கு எஞ்சின் பிடிக்கும். வல்லமை வேண்டும், அக்கினி வேண்டும் என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். ஆனால் கலாத்தியர் 5-இல் ஆவியின் கனிகளில் கடைசியாய் நிற்கிறது இச்சையடக்கம். அது பிரேக். நாவுக்கு, பண ஆசைக்கு, கோபத்துக்குப் பிரேக் இல்லாமல் வல்லமை மாத்திரம் இருந்தால் சிவப்பு விளக்கில் நிற்க முடியாது. நான் நிற்கவில்லையே!

3. ஓட்டை இல்லாமலே குறைகிறது உண்டு. குளிர் ஒவ்வொரு ஐந்தாறு டிகிரி இறங்கும்போதும் டயர்க் காற்று சுமார் ஒரு பவுண்டு இறங்கும். பஞ்சர் இல்லை, ஆணி இல்லை, ஆனாலும் குறைகிறது. பாட்டரியும் அப்படியே. கோடையில் நன்றாய்ப் பிடித்த பாட்டரி கடுங்குளிரில் பலம் இழந்து, எஞ்சினைத் திருப்பமாட்டாமல் நிற்கும். அதனால் குளிருக்கு முன்பே சோதித்துப் பார்க்கிறார்கள். ரேடியேட்டரில் நம்ம ஊரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டுவோமே, அங்கே ஊற்றினால் அது உறைந்து, விரிந்து, எஞ்சினையே வெடிக்க வைக்கும். உறைதடுப்பு மருந்தும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் ஜெபிக்க முடியவில்லை என்கிறவர்களே, சுற்றியிருக்கிற குளிரே உங்கள் காற்றைக் குறைத்திருக்கும். அளந்து பாருங்கள்.

4. முழுக் கண்ணாடியையும் துடை. சிலர் முன் கண்ணாடியில் முகம் அளவுக்கு மட்டும் ஓட்டை சுரண்டிக்கொண்டு ஓட்டிப் போகிறார்கள். கூரை மேல் ஒரு அடிக்கு ஸ்நோ. பிரேக் போட்டால் அது சரிந்து தன் கண்ணாடியையே மூடும், இல்லாவிட்டால் பறந்து பின்னால் வருகிறவன் மேல் விழும். எல்லா லைட்டையும், கூரையையும் துடைத்துத்தான் புறப்பட வேண்டும். வைப்பருக்கு ஊற்றுகிற தண்ணீரும் மைனஸ் 40 தாங்குகிற வகையாய் இருக்க வேண்டும். நான் கூரை ஒன்றையே பார்த்தேன். என் கண்ணாடியில் அந்த ஒரு ஓட்டை மட்டும்தான் இருந்தது.

5. பெட்டியில் என்ன இருக்கிறது? வண்டியில் எப்போதும் பாதி டேங்குக்கு மேல் பெட்ரோல். டிக்கியில் சின்ன மண்வாரி, சுரண்டுகிற கட்டை, சக்கரத்துக்கு அடியில் போட மணல், கம்பளி, டார்ச், சாப்பிட ஏதாவது, செல்போன் சார்ஜர். பத்துக் கன்னிகைகள் ஞாபகம் வருகிறதா? எல்லாரும் தூங்கினார்கள், எல்லாரிடமும் விளக்கு இருந்தது. வித்தியாசம் பாத்திரத்து எண்ணெய் மாத்திரமே. நடுராத்திரியில் கடன் கேட்டால் கிடைக்காத பொருள் அது.

6. புகைக் குழாயைப் பார். இதைச் சொல்லும்போது கராஜ்காரர் முகம் மாறிவிட்டது. ஸ்நோவில் மாட்டிக்கொண்டு, கதவை மூடி, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் குழாயை ஸ்நோ மூடிவிடும். புகை உள்ளே திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், பிறகு எழுந்திருக்க மாட்டார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் மரீ என்ற மலையூருக்கு ஸ்நோ பார்க்கப் போன ஜனங்கள் ரோட்டில் மாட்டிக்கொண்டு, குறைந்தது 22 பேர் கார்களுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. சிலரைக் குளிர் கொன்றது, சிலரை இந்தப் புகை. ஆகவே இறங்கி முதலில் குழாயைத் தோண்டு, கண்ணாடியைக் கொஞ்சம் திற, எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடாதே.

கடைசியில் நான் கேட்டேன்: "எல்லாம் பண்ணியும் சறுக்கினால்?" அவர் சொன்னார்: "பதறக் கூடாது ஐயா. ஆக்சிலேட்டரிலயிருந்து காலை எடுங்கோ. முட்டப்போற மரத்தைப் பாக்காதைங்கோ. எங்க போக வேணுமோ அங்க கண்ணை வையுங்கோ, கையும் அங்கதான் திருப்பும்." அவர் எந்தச் சபைக்குப் போகிறவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரின் மேல் நடந்த பேதுரு காற்றைப் பார்த்தபோது அமிழ்ந்தான் என்பதை அன்றைக்குத்தான் எனக்கு ஒருவர் விளக்கிச் சொன்னார்.

நம்ம ஊர் உறைந்த மழை

ஊருக்குத் திரும்பி வந்து சபையில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கூரைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். முணுமுணுப்பு வரும் என்று பயந்தேன். கீரை விற்கிற ஒரு வயதான தாயார் எழுந்து, "கூரை கெடக்குது பாஸ்டரு, பேரப்புள்ள நல்லா இருக்குதா?" என்று கேட்டார். என் கண் கலங்கிவிட்டது.

அந்த வருஷமே நமக்கும் ஒரு சோதனை வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. முன்பாயிருந்தால், "மழையானாலும் புயலானாலும் மாலை ஆராதனை உண்டு, விசுவாசிகள் பயப்படமாட்டார்கள்" என்று அறிவித்திருப்பேன். அன்றைக்கு என் மகளின் குரல் காதில் கேட்டது. மாலை ஆராதனையை நிறுத்தினோம். ஆற்றோரத்துத் தாழ்வான தெருவில் இருந்த வயதானவர்கள் ஆறு பேரை இருட்டுமுன்னே மேட்டில் இருந்த ஒரு விசுவாசி வீட்டு மாடிக்குக் கூட்டிப் போனோம். ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். வாலிபர்கள் டார்ச்சோடு விழித்திருந்தார்கள்.

டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு சுமார் 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரைமீறி வந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அரசூர் அருகே சென்னை - திருச்சி ரோட்டிலேயே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. அந்த ஆறு பேரின் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் இல்லை. மாடியில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லுகிறேன், அந்த ஸ்தோத்திரத்தில் உப்பரிகையிலிருந்து குதிக்கிற சத்தம் இல்லை. படியேறி வந்தவர்களின் சத்தம் அது.

நோவா மழை விழுமுன்னே பலகை அறுத்தான். யோசேப்பு பஞ்சம் வருமுன்னே ஏழு வருஷம் தானியம் சேர்த்தான். ஒருவரும் அவர்களை அவிசுவாசிகள் என்று சொல்லவில்லை. தேவன் எச்சரித்தார், அவர்கள் நம்பினார்கள், நம்பினபடியால் கையை அசைத்தார்கள். கையை அசைப்பதே அவர்களுடைய விசுவாசமாயிருந்தது.

தேவ பிள்ளையே, உன் வீட்டில் மாற்றாத டயர் எது? சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தால் சுகம் என்று சாட்சி சொல்லுகிறாயா? ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு தேவதூதரை எதிர்பார்க்கிறாயா? பிள்ளையின் படிப்புப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடச் சொல்லுகிற ஊழியக்காரனா நீ? நானும் அப்படிப்பட்டவனாயிருந்தேன். ஒரு விஷயம் கேள்: அந்த இரவில் கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் எங்களை நவம்பர் மாதத்திலேயே காப்பாற்ற ஆரம்பித்திருந்தார், மாப்பிள்ளையின் கையில் இருந்த பணத்தினாலே. நான்தான் குறுக்கே நின்றேன்.

ஜெபிப்போமா? பரலோகத் தகப்பனே, நீர் கொடுத்த படிக்கட்டுகளை நாங்கள் அசட்டை பண்ணினதை மன்னியும். எங்கள் அசட்டைக்கு விசுவாசம் என்று பேர் வைத்ததை மன்னியும். எங்கள் வார்த்தையை நம்பி ஆபத்துக்குள் போன பிள்ளைகளை நீர் காத்ததற்காய் ஸ்தோத்திரம். மழைக்கு முன்னே, வெள்ளத்துக்கு முன்னே, உம்முடைய வருகைக்கு முன்னே எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்,
திருக்கோவிலூர்.